படகு தாங்கும்

கப்பல் எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. எந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்? இத்தனை டன் கப்பல் என்று சொல்வது பல சமயம் எடையே அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. எவ்வளவு சுமக்கும் என்பது வேறு கணக்கு. போர்ட் பிளேர் துறைமுகத்தில் என் பிழைப்பே அந்த இரண்டாவது கணக்குதான். கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களில் தண்ணீர் எதைத் தொடுகிறது என்று, சரக்கு ஏறும் முன்பும் ஏறிய பின்பும் பார்ப்பேன். எவ்வளவு அமிழ்ந்ததோ அதை வைத்து ஏறிய எடையைச் சொல்லிவிடலாம்.

இந்த ஞானத்தோடுதான் லாங் ஐலண்ட் தீவின் படகு ஜெட்டியில் வம்புக்கு நின்றேன்.

மனைவி அங்கே தாய்வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்குப் போர்ட் பிளேர் அழைத்துப்போக லீவு போட்டு வந்திருந்தேன். நாள் இருக்கும்போதே லேசாக வலி கண்டுவிட்டது. உடனே கிளம்பச் சொன்னார் டாக்டர். படகில் அவளுக்கும் மாமியாருக்கும் எப்படியோ இடம் கிடைத்தது, எனக்கு இல்லை. அடுத்த படகு மறுநாள்தான். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க பாய்! நான் ஒருத்தன் ஏறினா முழுகிடுமா?"

படகை ஓட்டும் சேராங் கோபப்படவில்லை. "படகு தாங்கும் பாய். லைஃப் ஜாக்கெட் கதம், தீந்துபோச்சு. ஏறினவங்கள்ல யாருக்கு வேணாம்னு நீங்களே சொல்லுங்க."

மாமியார் எனக்காக எழுந்தார். அந்த நேரத்தில் அவளுக்கு என்னைவிட அம்மாதான் வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. உட்காரச் சொன்னேன்.

படகு நகர்ந்தபோது பழக்கதோஷத்தில் கண் தண்ணீர் மட்டத்துக்குப் போனது. நான் ஏறியிருந்தாலும் அது ஒரு நூல்கூட மாறியிருக்காது. ஜெட்டியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது மகள் பிறந்திருந்தாள். இரண்டரைக் கிலோ. "ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் வந்தோம், உங்க சேராங்குக்குத் தெரியல" என்றாள் மனைவி. அவள் கோபம் அப்படித்தான் சிரித்துக்கொண்டு வரும்.

பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு, மாமனாரிடம் காட்ட மூவரும் லாங் ஐலண்ட் புறப்பட்டோம். அதே சேராங். தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவர், மகளின் தலையையும் தொட்டு எண்ணினார். சின்ன ஜாக்கெட் ஒன்றை நீட்டினார். "இதுவும் ஏக் ஆத்மி." அத்தோடு படகு நிறைந்தது.

ஜெட்டியில் ஒருவன் நின்றுவிட்டான். கையில் மருந்துப் பை. "தேங்கா கனம்கூட இல்லாத புள்ளய ஒரு ஆளா எண்ணுவியா? தண்ணிய பாருய்யா, படகு தாங்கும்!"

மனைவி என்னைப் பார்த்தாள். அவன் கேட்டது அத்தனையும் நான் கேட்டது. அந்தக் கரையில் அவனுக்காக யாரோ படுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும்.

மகளின் ஜாக்கெட் நாடாவை இழுத்துக் கட்டினேன். நான் இறங்கவில்லை.