முனியாண்டியின் தகரக் கூரை

ஆற்றை ஒட்டி ஒரு பட்டை நிலத்தில் பயிர் செய்யாமல் மரம் வளர்த்தால் விவசாயிக்கு அரசாங்க மானியம் உண்டு. கரை சரியாது, தண்ணீரும் கலங்காது. ஈப்போ அலுவலகத்திலிருந்து போய் அந்தப் பட்டைகளை அளந்து ஒப்புதல் எழுதுவது என் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் சரஸ்வதி அக்கா கதையைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆகவே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. கூரை

சரஸ்வதி அக்காவுக்குப் பழைய ரப்பர்த் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம். எங்கள் பேச்சை நம்பி ஆற்றோரத்து வெள்ளரியை அழித்து மரக்கன்று நட்டிருந்தார். மானியம் வராவிட்டால் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி வெள்ளரிதான் போட வேண்டும்.

என் மேலதிகாரி என்சிக் ரோஸ்லி என்னோடு பார்வையிட வந்தார். கன்றுகள் செழித்திருந்தன. அவற்றுக்கு நடுவே முனியாண்டி: ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரக் கூரை. பட்டைக்குள் கூரை போட்ட எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

"அத்தாப் தெத்தாப் அத்தாப்" என்றார் ரோஸ்லி மலாயில். சின்னதானாலும் கூரை கூரைதானாம். சொன்னவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. மனைவி கோலாலம்பூரில் ஆசிரியை; அங்கே மாற்றல் கேட்டு இவர் எழுதிய மனு இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

2. பூ

சாமியிடம் கேட்காமல் தகரத்தில் கை வைக்க முடியாது என்றார் அக்கா. செம்பருத்தி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்தார். வெள்ளை வந்தால் சம்மதம். எடுத்தவர் பக்கத்து நிலத்து ஆ செங். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

கூரையைக் கழற்றலாமா? சிவப்பு. அக்கா கெஞ்சி இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் சிவப்பு. அவர் கன்றுகளைப் பார்த்தபடி நின்றார். தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது.

"மழை பேயுற நேரத்துல கூரைய புடுங்கவான்னு கேட்டா எந்தச் சாமி சரிங்கும் அக்கா?" என்றார் ஆ செங். "வீட்டோட மாறிக்கிறீங்களான்னு கேளு லா."

வெள்ளை.

பட்டைக்கு வெளியே, மேட்டு ரம்புத்தான் மரத்தடிக்கு? அதற்கும் வெள்ளை. அங்கேதான் ரோஸ்லியின் கார் நின்றது.

3. கார்

கார் சேற்றில் புதைந்திருந்தது. கல்லையும் சூலத்தையும் மேட்டுக்குக் கொண்டுவந்து, நான் குடை பிடித்து நின்றேன்.

"சாமி, கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஐயா காடிய எடுத்துருவாரு" என்றார் அக்கா.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரோஸ்லிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கியர் மாறி கார் பின்னால் வந்து இன்னும் ஆழமாகப் புதைந்தது. அக்காவும் ஆ செங்கும் தள்ள, கியரை விடுவித்துவிட்டு ரோஸ்லியும் இறங்கித் தள்ளி, காலில் இருந்த ஒரு சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்தார். கார் நகர்ந்ததும் முனியாண்டி கூரையோடு குடியேறினார். ரோஸ்லி ஒற்றைச் சப்பாத்தோடு நின்று ஒப்புதலில் கையெழுத்திட்டார்.

திரும்பும் வழியில் அவர் ஆ செங் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நான் கற்றது இதுதான்: மறுப்பு வந்தால் அதே கேள்வியை உரக்கக் கேட்டுப் பயனில்லை, வேறு கேள்வி வேண்டும். ரோஸ்லி என்னைவிட வேகமாகக் கற்றார். மூன்றாவது மனுவை எழுதியது அவருடைய மனைவி, ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு. கிடைத்துவிட்டது. இருவரும் குவே பலகாரம் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனார்கள். காரை மட்டும் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.