பிறை பார்த்து ஒயில் மாற்றுபவர்

மழை மேகம் கொஞ்சம் விலகாதா என்று மேற்கையே பார்த்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார் நீக்கிலாஸ். உள்ளே அந்தோனியார் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு மனைவி ஜூலியட் கூப்பிடுகிறார்.

"செபத்துக்கு நேரமாகுது. வாங்கோவன்."

"பொறு, றஜபுப் பிறையைக் கண்டிட்டு வாறன்."

நறுவிலிக்குளத்தில் இதைக் கேட்டு இப்போது யாரும் சிரிப்பதில்லை. எழுபது வயது வேதக்கார மனுசன் முஸ்லிம் மாதப் பிறையைத் தேடுவது ஒயில் மாற்றத்தான். முசலி ஊர் சனூன் நானாவின் மொறிஸ் மைனர் காருக்கு இவரது கராஜில் மூன்று பிறைக்கு ஒருமுறை ஒயில், கிரீஸ், பிறேக், பிளக் எல்லாம் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வருடமாக அதுதான் முறை. தொடக்கத்தில் நீக்கிலாஸ் இங்கிலிஷ் மாதக் கணக்குச் சொல்லிப் பார்த்தார், நானா கேட்டால்தானே. பிறைக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் குறையும் அல்லவா? "எங்கட கணக்கைவிட உங்கட காருக்கு ஒரு வயசு கூட, நானா," என்று இன்றைக்கும் சீண்டுவார்.

பிறையைத் தானே பார்க்கப் பழகியது பிறகு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், யுத்தத்துக்கு நடுவே, இந்தக் கரையின் முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கத்தார் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். நானா கார்ச் சாவியை நீக்கிலாஸின் கையில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு புத்தளம் போனார்.

நீக்கிலாஸ் சில்லுகளைக் கழற்றி ஒளித்தார். காரைப் பனங்குற்றிகளில் ஏற்றிக் கிடுகால் மூடினார். பெற்றோலும் இல்லை, ஒயிலும் இல்லை, பிறை சொல்லப் பள்ளிவாசலில் ஆளும் இல்லை. அதனால் தானே வானம் பார்த்தார். மூன்றாவது பிறை கண்ட மறுநாள் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, முன்பக்கம் ஹேண்டில் கம்பியைச் செருகிக் கையால் இருபது சுற்றுச் சுற்றுவார், எஞ்சின் இறுகிவிடக் கூடாதே என்று. "கறிக்கு இல்லாத எண்ணெய் காருக்கோ?" என்று ஏசிக்கொண்டே ஜூலியட் போத்தலை எடுத்துக் கொடுப்பார். பன்னிரண்டு வருடம் இப்படியே போனது.

நானா திரும்பி வந்த அன்று, புது ஒயில் ஊற்றிக் கம்பியைச் சுற்றியதும் மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். சாவியைக் கொடுத்த நீக்கிலாஸ் கம்பியை மட்டும் கொடுக்கவில்லை. "இன்னொருக்காப் போனியள் எண்டால் எனக்கு வேணும்," என்றார். கராஜ் சுவரில் ஓர் ஆணியில் அது இன்னும் தொங்குகிறது.

மேகம் விலகிப் பிறை தெரிந்த மறுநாள், றஜபு முதல் நாள் காலையில், இந்த முறையும் கார் வந்துவிட்டது. நானாவின் முகம்தான் சரியில்லை. பழைய ஒயில் வடியும் வரை கதிரையில் இருந்தவர், பிறகு மெல்லச் சொன்னார்.

"மகன் ஸப்ராஸ் கத்தார்ல இருந்து கொழும்பு ஆள் ஒருத்தருக்குக் காரை விலை பேசிட்டான். வயசு போன காலத்துல எதுக்கு வாப்பா கார் எண்டுறான். நாளைக்கு வந்து எடுக்கப் போறாங்களாம்."

நீக்கிலாஸ் தலையை நிமிர்த்தவில்லை. ஒரே பிளக்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய கார் சேர்க்கிற ஆளாம். காரோட வந்த சாமான் எல்லாம் இருக்கணுமாம். ஹேண்டில் கம்பி இல்லாட்டிக் காரே வேணாமாம். அதான் உன்னட்டக் கேக்க வந்தன்."

கம்பி இரண்டு பேரின் கண்ணுக்கும் நேரேதான் தொங்கியது.

"அது துலைஞ்சு போச்சே, நானா," என்றார் நீக்கிலாஸ்.

நானா ஆணியைப் பார்த்தார். நீக்கிலாஸைப் பார்த்தார்.

"ஓம். நானும் காணல்லத்தான்."

புது ஒயிலை ஊற்றி மூடியை இறுக்கிய நீக்கிலாஸ், சேவிஸ் கொப்பியில் அடுத்த தவணைக்கு, மூன்று பிறை தள்ளி, 'ஷவ்வால்' என்று எழுதினார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து, ஆணியில் தொங்கிய கம்பியின் மேல் விரித்துப் போட்டார்.