புளிக்கும் கொன்றைக்கும் பாகப்பிரிவினை

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற நான், புளியும் கொன்றையும் ஒரே பிரிவு என்றுதான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தேன். பயறுக் குடும்பத்துக்குள் பூவைப் பார்த்துப் பிரித்த பிரிவு அது. இப்போது மரபணுவைப் பார்த்து மாற்றிவிட்டார்கள். புளி வேறு பிரிவுக்குப் போய்விட்டது. கொன்றையோடு கருவேலத்தைச் சேர்த்துவிட்டார்கள். சரம் சரமாகத் தொங்குகிற கொன்றைப் பூவுக்கும் கருவேலத்தின் மஞ்சள் உருண்டைக்கும் என்ன ஒட்டு? ஆதாரமெல்லாம் சரிதான். கோபம்தான் அடங்கவில்லை.

சாயந்திரம் டீ குடிக்கும்போதும் அதையே புலம்பினேன். பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் மனைவிக்குப் பாகம் பிரிக்கிற சண்டை புதிதில்லை. “சரி, எழுந்து வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்” என்றாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு புளியும் ஒரு கொன்றையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எதிரே தெரிகிற கோயில் மலைமேல் விளக்கு போட்டுவிட்டார்கள். இரண்டு மரங்களும் எப்போதும்போல இலைகளை மடக்கித் தூங்க ஆரம்பித்திருந்தன.

நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மெதுவா பேசுங்க. இதுங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல போலக்கீது.”