முப்பது கிலோவுக்குள் ஒரு கேமிங் லேப்டாப்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து, என் மச்சானின் மடியில் உட்கார்ந்து, புது மாப்பிள்ளை மாதிரி வந்தது.

மகள் ஷைனி நாகர்கோவிலில் கேம் டிசைன் படிக்கிறாள். லேப்டாப் வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சொந்தமாக ஒரு கேம் செய்து கொடுக்க வேண்டும். நன்றாக வந்தால் சென்னைக் கம்பெனி ஒன்றில் இன்டர்ன்ஷிப். அவளுடைய பழைய லேப்டாப்போ, திரையில் ஒரு மரம் வருவதற்குள் மூச்சு வாங்கி அணைந்துவிடும்.

பாவம், முறையாகத்தான் தேடினாள். எந்த கிராபிக்ஸ் கார்டு, சூட்டைத் தாங்குமா, ரேம் பிறகு கூட்டலாமா... எல்லாம் அலசி, செட்டிகுளம் பக்கம் ஒரு கடையில் ஒன்றைக் காட்டினாள். கொடுக்கிற காசுக்குச் சரியான சாமான்.

வாங்கியிருக்கலாம். ஆனால், துபாயில் மச்சான் இருக்கும்போது உள்ளூர்க் கடையில் வாங்கினால் குடும்ப கௌரவம் என்னாவது?

"அத்தான், ஊர்ல எவனாவது லேப்டாப் வாங்குவானா? இங்க வெல கம்மி, சாமான் ஒரிஜினல். லீவுக்கு வரும்போ நான் கொண்டு வாறேன்" என்றார் போனில்.

ஒரிஜினல்! இந்தச் சொல்லுக்கு மயங்காதவர் எங்கள் மாவட்டத்தில் உண்டா? அதே கம்பெனிதான். துபாய் கடையில் இருந்தால் ஒரிஜினல். செட்டிகுளத்தில் இருந்தால்... சும்மா லேப்டாப்.

"இங்க வாங்கினா வாரண்டி உண்டுப்பா" என்றாள் ஷைனி.

"மாமாவ விட என்னட்டி வாரண்டி?" என்றாள் என் மனைவி. தம்பி விஷயத்தில் அவளிடம் அப்பீல் கிடையாது.

லேப்டாப் வந்தது. கீபோர்டு பல நிறத்தில் மின்னியது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம் உண்டு" என்று சர்டிபிகேட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கத் தொடங்கியது.

"மாமா, சார்ஜர் எங்க?"

"செங்கலு மாதிரி ஒண்ணு இருந்து மக்கா. பெட்டிய தூக்கிப் பாத்தா பிளைட்டுல விடுற முப்பது கிலோவ தாண்டிட்டு. சார்ஜர் ஊர்ல கெடைக்காமலா போவும்ணு ரூம்லயே வச்சிட்டு வந்தேன்."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏற முடியுமா? சித்திமார் அத்தனை பேருக்கும் பால் பவுடர், தைலம், பேரீச்சம்பழம். ஒரு சித்திக்கு ஒரு டப்பா குறைந்தாலும் அடுத்த கிறிஸ்துமஸ் வரை முகம் கொடுக்க மாட்டாள். சார்ஜருக்கு அப்படிக் கோபம் வராதே! அதனால் அது துபாயிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் நாகர்கோவில் முழுக்க அலைந்தோம். கடைசியாக அதே செட்டிகுளம் கடை.

"இதுக்க சார்ஜர் பெட்டிக்குள்ளயே வருமே சார்? தனியா வேணும்னா ஆர்டர் போடணும். ரெண்டு வாரம் ஆவும்" என்றார் கடைக்காரர்.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், ஷைனி பார்த்து வைத்த லேப்டாப் சார்ஜரோடு இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோழி ஒருத்தியின் வீட்டில், தோழி தன் வேலையை முடித்து எழுந்த நேரங்களில் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பாதி கேமைத்தான் ஷைனி செய்து கொடுத்தாள். இன்டர்ன்ஷிப் அந்தத் தோழிக்குப் போனது.

"அவளுக்க லேப்டாப் எங்க வாங்கினது மக்கா?" என்று கேட்டேன்.

"செட்டிகுளத்துல."

யார் மேல் கோபப்படுவது? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாத என் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தார். விஷயம் கேட்டு அவருக்கும் வருத்தம்தான்.

"வெசனப்படாத மக்கா. அடுத்த மாசம் எனக்க ரூம்காரன் ஊருக்கு வாறான். சார்ஜர அவன் கையில குடுத்து விடச் சொல்லியிருக்கேன்."

ஷைனி அவருக்கு மீன்கறி ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"அவருக்கு ஊர்ல எத்தன சித்தி மாமா?"