இறங்கிப்போன மூலை

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கட்டுமானக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினேன். புதுக் கட்டடம் கட்டுவதற்கு பெங்களூரில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். விரிசல் விட்டதையும் தண்ணீர் இறங்கிக் கெட்டதையும் சரிசெய்ய வருகிறவர்கள் குறைவு. எனக்கு அந்த வேலைதான் பிடித்திருந்தது. அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையே என் ஆபீஸ்.

முதலில் வந்த பெரிய வேலை சிவாஜிநகரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு துணிக்கடை. கீழே கடை, அதற்கு மேல் தையல்காரர்கள், உச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். கணவர் இறந்த பிறகு கடையை நடத்திவந்த அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கொழுந்தனாருக்கும் கட்டடத்தில் பங்கு இருந்தது. இடித்துவிட்டு ஒரு காம்ப்ளக்ஸ் கட்ட வேண்டும் என்பது கொழுந்தனாரின் எண்ணம். ஒரு இன்ஜினியரை அழைத்துவந்து, கட்டடம் தாங்காது என்று சொல்ல வைத்திருந்தார்.

அந்த அம்மா பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பின்பக்க மூலை இறங்கியிருந்தது. ஜன்னலின் மூலையில் தொடங்கிய விரிசல் படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக ஏறி மேல்மாடி வரை போனது. கீழே அதற்குள் என் விரல்கள் நுழைந்தன. பின்கதவைச் சாத்தவே முடியவில்லை. ஒரு துணி மூட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

நான் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை அந்த அம்மா கூடவே நடந்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "இடிக்கச் சொல்றதுக்கு எனக்கு ஆள் இருக்காங்க கண்ணு. இத நிறுத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

"முடியும்மா. ஆனா மூலை ஏன் இறங்குதுன்னு தெரியாம கை வைக்க மாட்டேன்."

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை சிமென்ட் வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். முன்பக்கச் சிறு விரிசல்களில் ஒட்டியவை அப்படியே இருந்தன. பின்பக்கம் ஒட்டியவை ஒவ்வொன்றாக உடைந்தன. அது மாசி மாதம். மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தத் தெரு ஒரு காலத்தில் குட்டையாக இருந்த இடம். அடியில் கரிய களிமண். தண்ணீர் குடித்தால் உப்பி இளகும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கட்டடத்தின் அடியில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நனைந்து ஒரே மாதிரி காய்ந்தால் சுவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் ஊறிக்கொண்டே இருந்தால்தான் வம்பு. என்னோடு வேலை செய்த மேஸ்திரி ஈஜிபுராவில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார், சொன்ன நேரத்துக்கு ஆட்களோடு வந்து நிற்பார். அவரை வைத்து முன்னாலும் பின்னாலும் தோண்டிப் பார்த்தேன். முன்பக்கம் கடப்பாரை துள்ளியது. பின்பக்கம் மண் மண்வெட்டியை விட்டுப் பிரியவே இல்லை. அதில் சோப்பு வாசனையும் புளி வாசனையும் சேர்ந்து அடித்தன.

பின்பக்க மூலைக்கு எதிரே, ஒரு சந்துக்கு அப்பால், சாப்பாட்டு ஹோட்டல் ஒன்று இருந்தது. சந்து யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் அந்த அம்மாவும் ஹோட்டல்காரரும் பல வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போய், அவருடைய கழிவுநீர்க் குழாய் ஒழுகுகிறதோ என்று கன்னடத்தில் கேட்டேன். கன்னடக்காரரான அவர் தமிழில் பதில் சொன்னார். "நம்ம லைன் சரியாத்தான் இருக்கு மேடம். அந்தம்மா அனுப்பிச்சாங்களா உங்கள?"

சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைக்கிற விஷயம் இல்லை அது. பாத்திரம் கழுவும் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். எங்கள் குழியில் நீலம் தெரியாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றேன். அவருக்கும் என்னை அனுப்பிவிட அது நல்ல வழியாகத் தோன்றியிருக்க வேண்டும், சம்மதித்தார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வாளி வாளியாக ஊற்றினோம். அவரைச் சந்துக்குக் கூட்டிவந்து குழியருகே நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அப்போது குழியின் பக்கவாட்டில் ஈரம் மினுங்கியது. பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல், நீலமாக, மண்ணை நனைத்துக்கொண்டு இறங்கியது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் சுவரும் இதே மண்ணு மேலதானே நிக்குது மேடம்?"

ஆமாம் என்றேன். அடுத்த நாளே சமையலறையை மூடித் தரையைப் பெயர்த்தார். பழைய மண் குழாயில் இணைப்புகள் எல்லாம் விட்டுப்போயிருந்தன. புதுக் குழாய் போட்டு முடித்ததும் அவரே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா அவருக்குக் காபி வரவழைத்தார், அதுவும் அவருடைய ஹோட்டலிலிருந்தே.

தண்ணீர் நின்றது. ஆனால் இளகிய மண் இளகியதுதான். மூலையின் அஸ்திவாரத்துக்கு அடியில் களிமண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரை தோண்டி, கான்கிரீட் தூண்களை நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் முழுவதும் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்தது. உள்ளே யூகலிப்டஸ் மரக் கம்பங்களை முட்டுக் கொடுத்தோம். முன்பக்கம் கடையில் வியாபாரம் வழக்கம்போல நடந்தது. மாடியில் டைப்ரைட்டர் சத்தமும் நிற்கவில்லை.

கொழுந்தனார் தினமும் வந்து பார்த்தார். இடிந்து யார் தலையிலாவது விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதற்காகத்தான் நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொன்னேன்.

கடைசிக் குழி, சரியாக மூலைக்கு அடியில். அதைத் தோண்டி முடித்த மத்தியானம் கோடை மழை கொட்டியது. மேலே கட்டிய தார்ப்பாய் காற்றில் பிய்ந்தது. சந்துத் தண்ணீர் முழுவதும் குழிக்குள் பாய்ந்தது. குழியின் ஓரங்கள் கரைந்து சரியத் தொடங்கின. மாடியில் இருந்தவர்களை இறக்கிவிடச் சொன்னேன். டைப் அடிக்க வந்த பெண்களும் தையல்காரர்களும் எதிர்ச்சாரியில் போய் நின்றார்கள். கடையின் ஷட்டர் இறங்கியது. என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

மேஸ்திரி கேட்டார்: "மண்ணத் திருப்பிக் கொட்டி மூடிடலாமா மேடம்?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தச் சேற்றைக் கொட்டினால் மூலை சேற்றின்மேல் நிற்கும்.

"வேணாம். தண்ணிய எடுங்க. இப்பவே கான்கிரீட் போட்டுடலாம்."

சந்தின் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். குழிக்குள் கூடுதலாகப் பலகை இறக்கி ஓரங்களைப் பிடித்தோம். எங்களிடம் இருந்த வாளிகள் போதவில்லை. ஹோட்டல்காரர் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே போனார். சாம்பார் அண்டாக்களோடும் தன் ஆட்களோடும் திரும்பி வந்தார். மேஸ்திரியின் ஆட்கள் மொண்டு கொடுக்க, ஹோட்டல் ஆட்கள் வாங்கித் தெருவில் ஊற்றினார்கள். அந்த அம்மா கடையிலிருந்து பிளாஸ்டிக் ஷீட் சுருள்களைத் தூக்கிவந்தார். விரித்த ஷீட்டின் ஒரு முனையைக் கொழுந்தனார் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவர் இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஷீட்டுக்கு அடியில் கலவை கலந்தோம். அடியில் தேங்கிய சேற்றைக் கையாலேயே வழித்தெடுத்துக் கெட்டி மண் தெரிந்ததும் கான்கிரீட் இறக்கினோம். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தது. குழாய் மாற்றியபின் பின்பக்கம் புதிதாக ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

அது இறுகிய பிறகு, தூணுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் இடையில் விட்டிருந்த இடைவெளியில் கலவையை இடித்து இடித்து அடைத்தோம். விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்தோம். அந்த வருடத்து மழைக்காலம் முழுவதும் போய்ப் போய்ப் பார்த்தேன். மூலை அசையவில்லை. நிலையைச் சரிசெய்து மாட்டிய பின்கதவு ஒரு கையால் தள்ளினாலே சாத்திக்கொண்டது. கொழுந்தனார் தனக்குத் தெரிந்த ஒரு குடோனைப் பார்க்க என்னை அனுப்பினார். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. விலாசத்தை மட்டும் கொடுத்தார், போனேன்.

தீபாவளிக்கு முன்னால் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க முடிவு செய்தார்கள். அந்த அம்மா என்னிடம் யோசனை கேட்டார். சிவாஜிநகர்த் தூசிக்கு அழுக்கு தெரியாத சந்தன நிறம் போதும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது கட்டடம் முழுக்க மயில் கழுத்து நிறம்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.