பூஜைக்கு அணைத்த ஹப்

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவற்றையெல்லாம் இணைக்கும் ஹப் என் அறையில் இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால், ஒரு கம்ப்யூட்டர்கூட இன்னொன்றோடு பேசவில்லை. ஹப்பின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

லேத்துகளுக்கு வைத்த கையோடு இதற்கும் பொட்டு வைத்து, ஸ்விட்சையும் அணைத்திருந்தார் எங்கள் எலக்ட்ரீஷியன். "வருசம் பூரா ஓடிக்கினே கீது சார். ஒரு நாளாச்சும் தூங்கட்டும்னு ஆஃப் பண்ணேன்" என்றார்.

மேனேஜர் அவரை எல்லார் எதிரிலும் காய்ச்சி எடுத்தார். தப்பு அவருடையது இல்லை; எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹப்பைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள் அதன் செட்டிங்குகளை அதற்குள் சேமிக்காமலே போயிருந்தார்கள். அணைத்ததும் எல்லாம் அழிந்துவிட்டது. யு.பி.எஸ். இருந்ததால் கரண்ட் போனபோதெல்லாம் இது வெளியே தெரியவில்லை. இதைச் சொன்னேன். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நல்லவேளையாக, என் ஃப்ளாப்பியில் ஒரு நகல் இருந்தது. அதிலிருந்து ஏற்றி, இந்த முறை ஹப்பிலேயே சேமித்தேன். சந்தனத்தைத் துடைக்க எலக்ட்ரீஷியன் துணியோடு வந்தார்.

"இருக்கட்டும், விடுங்கண்ணே" என்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், என் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சேவ் பண்ட்டியா சார்?"

"பண்ணியாச்சு."

"அப்போ தூங்க வுடலாமா?"

ஸ்விட்சை நானே அணைத்தேன்.