பல்லுக்காக வந்தவர்

அன்று அமாவாசை. ஆரணியில் தறிகள் நிற்கும் நாள் என்பதால் பல் டாக்டரிடம் நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்தவரின் காலடியில் விமான அட்டை தொங்கும் பெட்டி. அமெரிக்காவிலிருந்து நேராக இங்கேதான் வருவதாக, வீங்கிய கன்னத்தில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

"அமெரிக்காவுல டாக்டர் இல்லீங்களா?" என்றேன்.

"இருக்காரு. ஒரு பல்லுக்கு அவரு கேட்ட காசுல ஊருக்கு டிக்கெட்டே எடுத்துட்டேன். எட்டு மாசமா கிராம்புலதான் ஓட்டிகினு இருந்தேன்."

"வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கலாமே?"

"இந்த மூஞ்சியோடவா? வாரா வாரம் போன்ல சௌக்கியம்னு சொல்லிகினு இருக்கேங்க. பல்லைப் புடுங்கிட்டு, சிரிச்சிகினுதான் அம்மா எதிர்ல நிப்பேன்."

பிடுங்கியாயிற்று. மரத்த வாயோடு கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். ஒரு பக்கம்தான் சிரித்தது.

என் முறை முடிந்து நான் வெளியே வந்தபோதும், கையில் பெட்டியோடு கண்ணாடி முன் நின்று அந்த இன்னொரு பக்கத்தைச் சிரிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.